ஓதி முடிக்கிற நாளும் ஓதத் தொடங்குகிற நாளும்



நோன்பு நெருங்குகிறது. மத்ரஸாக்களை விடுமுறைக்கு மூடும் காலம் இது. வருட முடிவுக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எத்தனை கேடயம் வாங்குவது, சாப்பாடு சஹனா பார்சலா என்று பேச்சு நடக்கிறது. எல்லாம் வேண்டியதுதான். பிள்ளைகள் மேடையில் ஏறி ஓதுவதைக் கண்டு உம்மாமார் அழுவது நமக்குப் பெரிய பாக்கியம்.

ஆனால் கூட்டம் முடிந்த பிறகு நடப்பதையும் பேச வேண்டும். குர்ஆனை ஒருமுறை ஓதி முடித்த பிள்ளை அடுத்த வருடம் அநேகமாக வருவதில்லை. "அவன் முடிச்சிட்டான் சேர்" என்று வாப்பா சொல்கிறார். பிறகு புலமைப்பரிசில் வகுப்பு, அதற்குப் பிறகு சாதாரண தரம், டியூஷன். பதினொரு வயதில் முடித்ததை இருபது வயதில் திக்கித் திக்கி ஓதுகிற பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம்.

இந்த யோசனையில் இருந்தபோதுதான் யூதர்களின் மதப் பள்ளிக்கூடங்களில் முடிவு நாளை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று வாசித்தோம். காஸாவின் பிள்ளைகளை நினைத்து மனம் வெந்து கிடக்கிற காலத்தில் இதை ஏன் எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். அந்த வேதனை எங்களுக்கும் உண்டு. அங்கே நடக்கும் அநியாயத்தை அநியாயம் என்றே சொல்கிறோம். ஆனாலும் வேதம் கொடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எப்படி ஓதிக் கொடுக்கிறது என்று பார்ப்பதில் தவறில்லை.

அவர்களுடைய பெரிய மார்க்க நூல் தல்மூத். அதில் ஒரு பாகத்தைப் படித்து முடித்தால் உஸ்தாதும் மாணவர்களும் கூடி விருந்து வைப்பார்கள். அதற்கு 'சியூம்' என்று பெயர். அந்தச் சபையில் ஓதும் துஆவில், முடித்த பாகத்துக்கே மறுபடி திரும்பி வருவோம், அதை மறக்க மாட்டோம் என்று சொல்வார்கள். தினம் ஒரு தாள் என்று 2,711 தாள்களையும் படிக்கும் வழக்கம் 1923இல் தொடங்கியது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஏழரை வருடம். 2020 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு சுற்றின் முடிவைக் கொண்டாடினார்கள். அதே வாரத்தில் அடுத்த சுற்றையும் முதல் தாளிலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

தவ்ராத்தையும் அப்படித்தான் ஓதுகிறார்கள். வருடம் முழுக்க ஓதி, 'சிம்ஹத் தோரா' என்கிற பெருநாளில் முடிப்பார்கள். கடைசிப் பகுதி மூஸா நபியின் மரணம். அதை ஓதியதும் நிறுத்தாமல் உலகம் படைக்கப்பட்ட முதல் பகுதியைத் தொடங்குவார்கள். சின்னப் பிள்ளைகளையும் அன்று ஒன்றாக முன்னுக்கு அழைப்பார்கள்.

இது நமக்குப் புதிதா? இல்லை. நம் பெரியவர்கள் குர்ஆனைத் தமாம் செய்யும்போது 'நாஸ்' சூராவோடு எழும்பிவிட மாட்டார்கள். உடனே 'பாத்திஹா' ஓதி, 'பகரா'வின் முதல் ஆயத்துகளையும் ஓதி, அதன் பிறகுதான் துஆ கேட்பார்கள். கேடயமும் மாலையும் வந்தபோது இந்தப் பகுதி மேடையிலிருந்து மெல்ல மெல்ல விடுபட்டுப் போனது.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கேரளத்தில் கொச்சிக்கு வடக்கே பறவூரில் பழைய யூதப் பள்ளி ஒன்று உண்டு. அதன் மேல்மாடியில் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்க ஓர் அறை இருந்தது. 1950களில் அந்தச் சமூகத்தில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அரசாங்கம் கட்டிடத்தை அழகாகத் திருத்தி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. ஆனால் மேல்மாடியில் ஓதுவதற்குப் பிள்ளை இல்லை.

அந்த வெறுமை நமக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் விடத்தல்தீவிலும் முசலியிலும் பள்ளிவாசல்கள் ஆளில்லாமல் நின்றன. கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய லெப்பைமார், புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை உட்கார வைத்து மறுபடியும் 'அலிஃப்'பிலிருந்து தொடங்கினார்கள். அன்று பரிசும் இல்லை, மேடையும் இல்லை. தொடங்கினார்கள், அவ்வளவுதான். 2009க்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று இந்த மண்ணில் ஓதுவது அந்தத் தொடக்கத்தால்தான்.

அதனால் இந்த வருடக் கூட்டத்துக்கு நாங்கள் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, கடைசி நிகழ்ச்சியாகப் பரிசளிப்பை வைக்க வேண்டாம். பரிசைக் கொடுத்து முடித்த பிறகு, தமாம் செய்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து 'பாத்திஹா'வும் 'பகரா'வின் தொடக்கமும் ஓதட்டும். இரண்டு, அடுத்த வருடம் சேரப்போகும் ஐந்து வயதுப் பிள்ளைகளை அன்றே கூட்டி வாருங்கள். முடித்த பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அலிஃப்' காட்டட்டும். மூன்று, முடித்த பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒருநாள் மட்டும், மஃரிபுக்குப் பிறகு அரை மணித்தியாலம் விடுங்கள். டியூஷன் இல்லாத நாளை நீங்களே சொல்லுங்கள். ஓதிக்கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

இதற்குப் பெரிய செலவில்லை. நார்சாவுக்குச் சீனி வாங்கும்போது அந்தச் சின்னப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

உங்கள் கருத்தை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ எங்களிடமோ சொல்லுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் ஓதலை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.