பவ வருஷம் தை மாதம்

அட்டை கிழிந்த அந்தச் சிறு புத்தகத்தில் அச்சிட்ட காலம் என்று "பவ வருஷம் தை மாதம்" மட்டுமே இருந்தது. நூலகர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். மேஜை இழுப்பறையிலிருந்து அறுபது வருஷப் பெயர்களும் எழுதிய ஓர் அட்டையை எடுத்தார். பிரபவவில் தொடங்கிய விரல் எட்டாவது பெயரில் நின்றது.

"பவன்னா 1934 சார். ஆனா தை மாசம்னு போட்டிருக்கு. இங்கிலீஷ் கணக்குல 1935 ஆயிடுது. நெட்டுல 1934ன்னு ஏத்தி வச்சிருக்காங்க. அதைத் திருத்தணும்."

"அதுக்கு அறுபது வருஷம் முந்தின பவ வருஷமா இருந்தா மேடம்?"

அவர் முன்னுரையைப் பிரித்துக் காட்டினார். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு அதில் பேசப்பட்டிருந்தது. 1875இல் அச்சான புத்தகத்தில் அது வர வழியில்லை. மடிக்கணினியைத் திறந்து, எவரும் திருத்தக்கூடிய தகவல் தளமான விக்கித்தரவில் அந்த நூலுக்குரிய பக்கத்தில் ஆண்டை மாற்றினார். ஆதாரம் கேட்கும் கட்டத்தில் முகப்புப் பக்கத்தையும் முன்னுரைப் பக்கத்தின் எண்ணையும் குறித்தார். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஒரு புத்தகத்தின் வயது சரியானது.

மன்னார்குடிப் பக்கம் உள்ள ஒரு கிளை நூலகத்தில் அன்று காலை முழுவதும் அவருடன் இருந்தேன். பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எனவே நூலகர் என்றே எழுதுகிறேன்.

நான் போனபோது நாளிதழ் மேஜையைச் சுற்றி நான்கு பெரியவர்கள் இருந்தார்கள். உள்ளறையில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு. திரும்பி வந்த புத்தகங்களை வரவு வைப்பது, இதழ்களில் முத்திரை குத்துவது, புதிய உறுப்பினருக்குப் படிவம் நிரப்பித் தருவது, அலமாரியைத் துடைப்பது எல்லாம் அவர் ஒருவர் வேலை. இவற்றுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் மடிக்கணினி திறக்கிறது. அது அவருடைய சொந்தக் கணினி. இணையமும் அவர் கைபேசியிலிருந்து வருவது.

இந்த மண்ணுக்கும் நூலகத்துக்கும் பழைய உறவு உண்டு. மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து 1931இல் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் தொடங்கிவைத்தார். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931இல்தான். அவற்றில் மூன்றாவது விதி புத்தகத்தின் பக்கம் நின்று பேசுவது. தனக்குரிய வாசகரைச் சென்றடையும் உரிமை ஒவ்வொரு நூலுக்கும் உண்டு என்பது அதன் சாரம். வண்டி மாடு போன வழியில் இப்போது கைபேசி அலை போகிறது என்று நான் சொன்னதற்கு நூலகர் சிரித்தார். "வண்டி எதுவா இருந்தா என்ன சார், மூட்டையில என்ன இருக்குன்னு சரியா எழுதணும்ல?"

சரியாக எழுதுவது என்றால் என்ன என்று அடுத்த ஒரு மணி நேரம் காட்டினார். பெயரிலிருந்து தொடங்கினார். "கல்கி" என்று ஒரு கணினியில் தேடினால் அது அவதாரத்தையும் காட்டும், 1941இல் தொடங்கிய பத்திரிகையையும் காட்டும், எழுத்தாளர் ரா. கிருஷ்ணமூர்த்தியையும் காட்டும். மூன்றும் வேறு என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து பிரித்து எழுதினால்தான் இயந்திரத்துக்குத் தெரியும். உத்தமதானபுரம் இங்கிருந்து தூரமில்லை. அந்த ஊர்க்காரரான உ.வே.சா.வைச் சாமிநாதையர் என்றும் சாமிநாத ஐயர் என்றும் சுவாமிநாதையர் என்றும் அட்டைகளில் அச்சிட்டிருக்கிறார்கள். மென்பொருளோ குடும்பப்பெயர் எது, தன்பெயர் எது என்று கேட்கிறது. உ. என்பது ஊர், வே. என்பது தந்தை. குடும்பப்பெயர் என்று எதைக் கொடுப்பது? விக்கித்தரவில் ஓர் ஆளுக்கு ஒரே எண். எல்லா எழுத்துக்கூட்டல்களும் அந்த ஒரே எண்ணின் கீழ் வந்துவிடும். உலக நூலகங்களின் ஆசிரியர் பெயர்ப் பட்டியல்களும் அங்கே இணைக்கப்படுகின்றன. புதுமைப்பித்தன் என்று தமிழில் தேடினாலும், சொ. விருத்தாசலம் என்று தேடினாலும், ரோமன் எழுத்தில் தேடினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றாகிவிடுகிறது. நூலகர்கள் அட்டைக் காலத்திலிருந்து செய்துவந்த வேலை இது. அன்று அது ஓர் ஊரின் மரப்பெட்டிக்குள் இருந்தது.

அவர் அதிகம் விரும்பிச் செய்வது விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்ப்பது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் அங்கே வழங்கியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இடப்புறம் எழுத்து, வலப்புறம் அச்சுப் பக்கத்தின் படம். எழுத்தை இயந்திரம் படித்து வைத்திருக்கும். தமிழ் அச்சு இயந்திரத்தை எங்கெங்கே ஏமாற்றும் என்பது அவருக்கு மனப்பாடம். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஔ என்ற ஓரெழுத்து, ஒ என்றும் ள என்றும் இரண்டாக உடையும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, னை, ணை ஆகியவை துதிக்கைக் கொம்போடு வரும். அங்கே இயந்திரம் திணறுகிறது.

மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. தான் மஞ்சளாக்கிய பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது. அவர் மஞ்சளாக்கிய பக்கங்களை முகம் தெரியாத யாரோ பச்சையாக்குகிறார்கள். அவர்கள் விட்டதை இவர் பார்க்கிறார். அன்று என் கண்முன் மூன்று பக்கங்கள் மஞ்சளாயின. மூன்றாவது பக்கத்தில் ஒரு சந்திப்பிழை மூலத்திலேயே இருந்தது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். "ஆசிரியர் எழுதினதை மாத்த நமக்கு உரிமை இல்ல சார்."

உரிமை என்றதும் இன்னொன்று நடந்தது. தேர்வுக்குப் படிக்கும் ஓர் இளைஞர் ஒரு நாவலோடு வந்தார். "அக்கா, இதை ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டுட்டா எல்லாரும் படிக்கலாமே?" நூலகர் ஆசிரியர் காலமான ஆண்டைப் பார்த்தார். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1970இல் மறைந்தவரின் எழுத்து, அரசு நாட்டுடைமையாக்காவிட்டால், 2031 தொடக்கத்தில்தான் பொதுவுக்கு வரும். அதைத் தம்பிக்குப் பொறுமையாகச் சொன்னார். புத்தகத்தை இரவல் பதிந்து அவர் கையிலேயே கொடுத்தார்.

கோஹா என்ற நூலக மென்பொருளை வீட்டில் பயின்றுவருகிறார். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற பகுதியின் பொது நூலகங்களுக்காக எழுதப்பட்டது அது. பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நிலையில் புதிதாக எழுதச் செய்து, அதை எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அங்கே ஊர் நூலகங்கள் தம் தேவைக்குச் செய்துகொண்டதை இங்கே ஒரு கிளை நூலகர் கற்கிறார் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

2016இல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் ஓர் இயக்கமும் உண்டு. நூலகர் ஒவ்வொருவரும் விக்கிப்பீடியாவில் ஒரு மேற்கோள் ஆதாரமாவது சேர்க்க வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். இவர் தம் வட்டார ஊர்களின் கட்டுரைகளைத் தேர்ந்துகொண்டார். ஆதாரமின்றி நின்ற வரிகளுக்கு, அலமாரியிலுள்ள நூல்களிலிருந்து பதிப்பகம், ஆண்டு, பக்க எண் தேடிச் சேர்க்கிறார். பவ வருஷப் புத்தகமும் அப்படித்தான் பயன்பட்டது. யாரோ வீடு காலி செய்தபோது பழைய பேப்பர் கடைக்குப் போகவிருந்த மூட்டையிலிருந்து வந்தது அது. ஊரின் ஏரி, வாய்க்கால், கோயில் பற்றி அதிலுள்ள செய்திகளை இணையத்தில் வேறெங்கும் அவர் பார்த்ததில்லை.

நண்பகலில் பூட்டும்போது கேட்டேன், இதெல்லாம் பணிப் பதிவேட்டில் வருமா என்று. வராது என்றார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல்கள் இரவல் போயின என்பதற்குப் பத்தி உண்டு. எத்தனை பெயர்கள் சீராயின, எத்தனை பக்கங்கள் மஞ்சளாயின என்பதற்குப் பத்தி இல்லை. அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நியாயமாக வர வேண்டியவை கிளை நூலகத்துக்கு நல்ல இணைய இணைப்பு, ஒரு ஸ்கேனர், நூலகருக்கு வாரத்தில் சில மணி நேரம். இந்த வேலை பணியாகவே எண்ணப்பட வேண்டும்.

படிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய ஊர்மலரோ, கும்பாபிஷேக மலரோ, தாத்தா காலத்துச் சிறு நூலோ இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் உங்கள் கிளை நூலகரிடம் ஒருமுறை காட்டுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போங்கள்.