விசா சிக்கலால் கராச்சியில் இறங்கியவர்... 57 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்!

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில், விரல்கள் மழுங்கிப்போன பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஸ்கூலுக்குப் போகும்போது அம்மா கொடுக்கும் காசை அவர் துண்டில் போடுவேன். போடுவேன் என்ன... எட்ட நின்று எறிவேன். கிட்டப் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 10-ம் தேதிக்கான நினைவுநாள் பட்டியலைத் தயார் செய்தபோது, அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். காரணம், பட்டியலில் இருந்த ஒரு பெயர்: சிஸ்டர் ரூத் ஃபாவ்.

1929-ல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பிறந்தவர் ரூத். போரின் குண்டுவீச்சில் வீட்டை இழந்தவர். டாக்டருக்குப் படித்தார், கன்னியாஸ்திரி ஆனார். 1960-ல் அவருடைய சபை அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. விசா சிக்கலால் வழியில் கராச்சியில் தங்க வேண்டியதாயிற்று.

அங்கே தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குப் போனார். கிட்டத்தட்ட அவர் வயதுள்ள ஓர் இளைஞர், சகதியில் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்தபடி மருந்தகத்துக்கு வந்தார். மனிதன் இப்படி வருவதுதான் இயல்பு என்பதுபோல வந்தார். அதுதான் ரூத்தை உலுக்கியது. அங்கேயே தங்கிவிட்டார்.

அடுத்த ஆண்டே இந்தியாவுக்கும் வந்தார். நம் வேலூரில் தொழுநோய் சிகிச்சைக்கான பயிற்சி பெற்றார். முடிந்ததும் கராச்சிக்கே திரும்பினார்.

குடிசையில் நடந்த அந்த மருந்தகம், 'மேரி அடிலெய்டு தொழுநோய் மைய'மாக வளர்ந்தது. நாடு முழுக்க 150-க்கும் மேற்பட்ட கிளைகள் முளைத்தன. வீட்டார் ஒளித்துவைத்த நோயாளிகளைத் தேடி மலைக்கிராமங்களுக்கும் போனார் ரூத். 1996-ல், பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

2017-ல், 87 வயதில் ரூத் காலமானார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த நாடு, ஒரு கத்தோலிக்க கன்னியாஸ்திரியின் சவப்பெட்டிமேல் தேசியக்கொடியைப் போர்த்தி, அரசு மரியாதையுடன் வழியனுப்பியது. கராச்சி சிவில் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர்தான்.

கை குலுக்குவதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ தொழுநோய் ஒட்டாது. உணர்ச்சியற்ற தேமல் தெரிந்ததும் டாக்டரைப் பார்த்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு மருந்தில் குணமாகிவிடும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். நான் காசு எறிந்த காலத்திலும் இதெல்லாம் உண்மையாகத்தான் இருந்தது.

அன்று இரவு அம்மாவுக்கு போன் செய்தேன். "பஸ் ஸ்டாண்டு தாத்தா இருக்காராம்மா?"

"அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாச்சே, ஏன்?"

"அவர் பேர் என்னம்மா?"

அம்மாவுக்கும் தெரியவில்லை.