கைப்பேசியோடு ஒரு வரப்பு நடை

தை மாதக் காலையில் திருவையாற்றிலிருந்து காவிரிக் கரையோரமாகக் கிழக்கே போனால், சம்பா அறுத்த தாள்களுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டி நிற்கும். தினமும் பார்த்துப் பழகிய வயல்தான். கைப்பேசியில் படமெடுக்கக் குனிந்தால்தான் அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

பனி உலரும் முன் செடிக்குச் செடி சிலந்தி வலை மின்னும். நட்டு வைத்த குச்சியிலிருந்து கரிச்சான் பாய்ந்து, பூச்சியைக் கவ்விக்கொண்டு திரும்பும். இலையைத் திருப்பிப் படமெடுத்துப் பெரிதாக்கினால் அசுவினிக் கூட்டம். நடுவே முதலைக்குட்டி போல, ஆரஞ்சுப் புள்ளிகளுடன் ஒரு கறுப்புப் புழு.

சென்ற ஆண்டு ஒரு விவசாயி இப்படியொரு படத்தைக் காட்டி, "இதுக்கு என்ன மருந்துங்க ஐயா அடிக்கலாம்?" என்று கேட்டார். அது அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் புழு. மருந்து அடித்திருந்தால் முதலில் செத்திருப்பது நமக்கு உழைக்கும் அந்தப் புழுதான். அவர் தெளிக்கவில்லை, செலவும் மிச்சம்.

நீங்களும் வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், காலை வெயிலில் எடுங்கள். வயல், செடி, இலையின் அடிப்பக்கம் என மூன்று படம் போதும். பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்தால் அளவு விளங்கும். கேள்வியோடு அந்தப் படங்களையும் சேர்த்து அனுப்பினால், பதில் சொல்ல எங்களுக்கும் சுலபம்.