கசாயமும் சாதகமும்

நமக்குச் சொந்த ஊர் பாறசாலைப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகா. இதை இங்கே பஹ்ரைனில் மலையாளி சிநேகிதர்களிடம் சொன்னால் போதும், "சாரே, ஒரு கஷாயம் எடுக்கட்டே?" என்று ஒரு சிரிப்பு. 2022-க்கு அப்புறம் எங்க ஊருக்குக் கிடைத்த பேர் இது. முன்னாடியெல்லாம் ஊர்ப் பேரைச் சொன்னால் கோயிலைப் பற்றிக் கேட்பார்கள், கைத்தறியைப் பற்றிக் கேட்பார்கள்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் சுருக்கமாக. பாறசாலைப் பையன் ஷாரோன், 23 வயசு, ரேடியாலஜி படித்துக்கொண்டிருந்தான். காதலித்த பெண்ணின் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தில். 2022 அக்டோபர் 14 அன்று அவள் வீட்டுக்குப் போனான். கசப்பான ஆயுர்வேதக் கசாயம் ஒன்றைக் கொடுத்து, குடித்துப் பார் என்றாள். குடித்தான். அதில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி கலந்திருந்தது. 25-ஆம் தேதி திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் இறந்துபோனான். 2025 ஜனவரி 17 அன்று நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் கோர்ட் அவளைக் குற்றவாளி என்றது. 20-ஆம் தேதி தூக்குத் தண்டனை. தடயத்தை அழித்ததற்காக மாமாவுக்கு மூன்று வருஷம், அம்மாவுக்கு விடுதலை. மேல்முறையீடு ஹைகோர்ட்டுக்குப் போயிருக்கிறது. ஹைகோர்ட் உறுதி செய்யாமல் தூக்கு நடக்காது.

தீர்ப்பு வந்த கொஞ்ச நாளில் ஒரு சேனலில் இதையே நாடகமாக எடுத்துப் போட்டார்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் "சித்தரிக்கப்பட்டது" என்று வேறு. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். ஆரம்பமே ஒரு ஜோசியர். சோழி உருட்டுகிறார், குத்துவிளக்கு ஆடுகிறது, பின்னால் உடுக்குச் சத்தம். "முதல் புருசன் உயிரோட இருக்கமாட்டான்" என்கிறார். அப்புறம் கறுப்புப் புடவை, குங்குமம், எலுமிச்சம்பழம்... பார்க்கிறவனுக்கு ஏதோ மந்திரவாதக் கூட்டம் சேர்ந்து பண்ணின நரபலி மாதிரித்தான் தோன்றும்.

அவர்களுக்கு இது எங்கேயிருந்து கிடைத்தது என்று யோசித்தால் புரியும். அதே 2022 அக்டோபர், 11-ஆம் தேதிதான் பத்தனம்திட்டா பக்கம் இலந்தூர் விஷயம் வெளியே வந்தது. லாட்டரி விற்றுப் பிழைத்த இரண்டு பெண்களை நரபலி கொடுத்ததாக வழக்கு. அதில் ஒருத்தி நம்ம தர்மபுரியிலிருந்து பிழைக்கப் போனவள். மலையாள சேனல்கள் ராத்திரி பகலாக அதையே ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பாறசாலைச் செய்தி வந்து விழுந்தது. சாதகம் என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் இதையும் தூக்கி அந்தப் பெட்டியிலேயே போட்டுவிட்டார்கள். தீர்ப்பு வாரத்திலும் அதே கூத்து. ஜனவரி 16-தான் நெய்யாற்றின்கரையில் கோபன் சுவாமி சமாதியை அதிகாரிகள் முன்னால் உடைத்துத் திறந்தார்கள். முதல் பரிசோதனையில் சந்தேகப்படும்படி காயம் ஒன்றும் இல்லை என்றார்கள். அங்கே நின்ற கேமராக்காரர்கள் மறுநாள் கோர்ட் வாசலுக்கு வர ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை.

கேரளத்துக்கு இது புதுசும் இல்லை. 2019 அக்டோபரில் கூடத்தாயி சயனைடு வழக்கில் கைது. 2020 ஜனவரியில் ஃப்ளவர்ஸ் டிவியில் சீரியலே ஆரம்பித்துவிட்டது! விசாரணையே தொடங்கவில்லை. ஹைகோர்ட் இரண்டு வாரம் தடை போட வேண்டியதாயிற்று.

நான் பேங்க்காரன், பேப்பரைத்தான் நம்புவேன். கோர்ட் செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். ஜோசியருக்கு அங்கே பெரிய வேஷம் ஒன்றும் இல்லை. அரசுத் தரப்பு சொன்னது இதுதான்: பட்டாளத்துக்காரர் ஒருவரோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இவனைக் கழற்றிவிட வேண்டும், அதற்குச் சொன்ன சாக்குதான் சாதகம். அது பலிக்கவில்லை. முன்பே ஒருமுறை ஜூஸில் மாத்திரை கலந்து கொடுத்துப் பார்த்ததாகவும் குற்றச்சாட்டு. சாட்சி என்று வந்தவை செல்போன் மெசேஜ்கள், இணையத்தில் தேடிய விவரம், டாக்டர்களின் அறிக்கை. இரண்டு பேரும் வேறு வேறு சமுதாயம். இதை டிவிக்காரர் ஒரு வசனத்தில்கூடச் சொல்லவில்லை. சாதகத்தைக் காட்டினால் யாரும் கோபப்பட மாட்டார்கள், சாதியைக் காட்டினால் படுவார்கள்.

எல்லை விஷயமும் இருக்கிறது. 1956-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேட்டும் கிடைக்காமல் கேரளத்திலேயே நின்றது. எங்களுக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. மீன் வாங்க அங்கே, சினிமாவுக்கு இங்கே. ஆனால் கசாயம் குடித்தது தமிழ்நாட்டில், உயிர் போனது கேரளத்தில். வழக்கைத் தமிழ்நாட்டுக்கு மாற்றச் சொல்லி அந்தப் பெண் சுப்ரீம் கோர்ட் வரை போனாள், 2023-ல் தள்ளுபடி. பாராகுவாட்டைக் கேரளம் 2011-லேயே தடை செய்துவிட்டது. நாடு முழுவதற்குமான தடை இல்லாததால், ஒரு மாநிலம் மட்டும் போட்ட தடைக்கு எல்லையோர ஊரில் எவ்வளவு பலம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. இலங்கையில் 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தியே விட்டார்கள். நாடகத்தில் இதற்கு அரை நிமிஷம்கூட இல்லை. உடுக்குக்கு இடம் இருந்தது.

அந்தப் பதினோரு நாளையும் காட்டவில்லை. தொண்டையும் வயிறும் வெந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் இறக்க முடியாமல் கிடந்தான். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்கியபோதும் அவள் மேல் சந்தேகம் என்று சொல்லவில்லை. பிளஸ் டூ படிக்கும் என் மகள், "ஏன்ப்பா சொல்லல?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல? நான் டிவியை அணைத்தேன்.

போன வாரம் ஊரிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். மருமகனுக்கு இப்போ அதே 23 வயசு. கூடப் படித்த ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துப் பெண், வேறு சமுதாயம். தங்கச்சி அந்த நாடகத்தை யூடியூபில் இரண்டு தரம் பார்த்திருக்கிறாள். பையனை அந்த வீட்டில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாள். எங்கம்மா சுக்கும் கருப்பட்டியும் போட்டு ஒரு கசாயம் வைப்பாள், சளி பிடித்தால் ஊரில் பாதிப் பேர் வந்து வாங்கிக் குடிப்பார்கள். இப்போ மருமகனே "பாட்டி, கசாயமா?" என்று கேலி பண்ணுகிறானாம். அம்மா டம்ளரை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம்.

இதெல்லாம் பத்தாது என்று தங்கச்சி இரண்டு பேர் சாதகத்தையும் கொண்டுபோய் ஜோசியரிடம் காட்டியிருக்கிறாள்.

"அது சாக்குக்குச் சொன்னதுடீ, கோர்ட்லயே வந்தாச்சு" என்றேன்.

"டிவியில காட்டினானே அண்ணா. சாதகத்துல இருந்தது அப்படியே நடந்துச்சில்லா?"

பெண்ணுக்குத் தோஷமாம், பரிகாரத்துக்குப் பதினெட்டாயிரம் ஆகுமாம். அக்கவுண்ட் நம்பரும் அனுப்பியிருக்கிறாள். நான் இன்னும் அனுப்பவில்லை. மருமகனிடம் முதலில் பேச வேண்டும், அந்தப் பிள்ளையின் பேர்கூட எனக்கு இன்னும் தெரியாது.