இதில் எது கட்டு?

பழைய கேட்டமரான் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஹோபி 16 என்ற வகை. 5 மீட்டர் நீளம், 145 கிலோ எடை, இரண்டு மெல்லிய உடல்கள், நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளம், இரண்டு பாய்கள். விலை என் நாலு மாதச் சம்பளம். வேறு விதமாகச் சொன்னால் இந்தப் பத்திரிகையின் ஆறு இதழ்கள். இந்த இரண்டாவது கணக்கை நண்பர்கள் எனக்கு முன்பே போட்டுவிட்டார்கள் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

விற்பவர் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் வசிக்கிறார். வடக்கே மாற்றலாகிப் போகிறார். 'உங்கள் சொல்தானே இது' என்று ஆரம்பித்தார். இந்த வாதம் எனக்கு ரசிக்கவில்லை. சொல் நம்முடையதுதான். 1697இல் அச்சான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் இங்கே மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டுவார்கள். இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குக் கழிகளால் பிணைப்பது பசிபிக் தீவினரின் காரியம். ஆங்கிலம் நம் சொல்லை எடுத்து அவர்கள் பொருளுக்குச் சூட்டிவிட்டது. அகராதியில் கிடைத்த கௌரவத்தை வைத்துக்கொண்டு கடலில் எதுவும் செய்ய முடியாது. (நம் விமர்சனத்திலும் இந்த வியாதி உண்டு. சொல்லின் வேரைத் தோண்டியதும் வஸ்து கைக்கு வந்துவிட்டதாக ஒரு திருப்தி.)

இந்தப் படகு பிறந்தது கலிஃபோர்னியாவில். அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் 1960களின் இறுதியில் அதே கைப்பழக்கத்தோடு இதைச் செய்தார். உள்ளே நுரை, இரு புறமும் கண்ணாடி நார். மணலிலிருந்து நேராக அலைக்குள் தள்ள வேண்டும் என்பதால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை கிடையாது. ஒவ்வொரு உடலும் வெளிப்புறம் தட்டை, உட்புறம் வளைவு. காற்று பக்கவாட்டில் தள்ளுவதை அந்த வடிவமே தாங்கிக்கொள்கிறது. நிர்ப்பந்தத்திலிருந்து உருவம் பிறப்பதற்கு இவ்வளவு சுத்தமான உதாரணத்தைச் சமீபத்தில் நான் எந்தக் கவிதையிலும் பார்க்கவில்லை.

ஒரு பிற்பகல், கடல்காற்று ஏறிய பிறகு, என்னைக் கூட்டிப்போனார். ஒரு உடல் நீரை விட்டு மேலெழுந்தது. கம்பியில் தொங்கியபடி உடம்பை வெளியே சாய்த்துச் சமன் செய்ய வேண்டும். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லை. முப்பத்தாறு வயதில் இது அபூர்வம்.

மறுவாரம் சோதிக்கப் போனேன். காசாளர் இருக்கை, கண்ணைவிட விரலை நம்பச் சொல்லித் தந்திருக்கிறது. மேல்தளத்தில், முன் தூண்களுக்குச் சற்று முன்னால், கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நாணயத்தால் தட்ட வேண்டும். நல்ல இடம் கணீரென்கிறது. நுரையும் நாரும் பிரிந்த இடம் மொத்தென்கிறது. இடது உடலில் உள்ளங்கை அகலத்துக்கு மொத். துளையிட்டுப் பிசின் ஏற்றினால் சரியாகும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள்தான் ஆபத்து. வெளியே மினுங்கும், முனையில் உள்ளுக்குள் இற்றிருக்கும். வயது தெரியாத கம்பியை மாற்றிவிட வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சம்மதித்தார்.

பக்கத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து படகைச் சுற்றினார். இப்போது ஃபைபர் படகில் போகிறவர். இளமையில் மரத்தில் போனவர். (அவர்கள் மரம் என்றுதான் சொல்கிறார்கள்.)

'இதுல எது சார் கட்டு?'

குறுக்குச் சட்டங்களைக் காட்டினேன். சிரித்தார். 'எங்க மரத்த கரைக்கு வந்ததும் அவுத்துக் காயப்போட்டுடுவோம். சரி, இது கவுந்தா யாரு நிமித்துவா?'

ஹோபி கவிழக்கூடியது. காற்று ஒதுங்கும் பக்கத்து முன்முனை நீரில் குத்தி, குப்புறப் பல்டி அடிப்பதற்குப் பேர்போனது. கவிழ்ந்த உடலின் மேல் நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நிமிர்த்த வேண்டும். ஏறத்தாழ 135 கிலோ பாரம் வேண்டும் என்பது பழகியவர்கள் கணக்கு. நான் 58.

மனைவி பணத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். 'உங்களோட யாரு வருவா?' என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு இருப்பவன் இந்தப் பத்திரிகையை என்னோடு நடத்துகிறவன்தான். 66 கிலோ. கிணற்று நீச்சல் தெரியும். எடை போதாதவர்கள் கடல்நீர் நிரப்பித் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பை இருக்கிறது. அதில் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் கூட்டல் சரியாகிவிடுகிறது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக நாங்கள் ஒருவர் வாக்கியத்தை ஒருவர் வெட்டியிருக்கிறோமே தவிர, ஒருவர் உடம்பின் பாரத்தை ஒருவர் நம்பி நின்றதில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கடல் கொந்தளிப்பு, இறங்க முடியாது என்றேன். 'அப்ப இதழ் வேலை பாத்துக்கலாம்' என்றான். அது சம்மதமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். மெல்லிய காற்றில், அலை உடையும் இடத்தைத் தாண்டி, நாங்களே படகைக் கவிழ்ப்போம். அவர் வேறொரு படகில் பக்கத்தில் இருக்கலாம், கை கொடுக்கக் கூடாது. நாங்கள் நிமிர்த்தினால் வாங்குகிறோம். ஒப்புக்கொண்டுவிட்டார். இந்த மாதம் கடைசி ஞாயிறு. புரூஃபைச் சனிக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும்.