கென்ட்டில் ஹாப்ஸ் பறிக்கும் காலம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே செப்டம்பர் பிறந்துவிட்டது. கொல்லையில் ஹாப்ஸ் பறித்துக்கொண்டிருக்கிறோம். பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது இந்தக் கொடியின் பெண்பூ. கடையில் பொட்டலமாகவே கிடைக்கும்போது வளர்ப்பானேன் என்று போனில் கேட்டீர்கள். ஒரு பூவைப் பிய்த்துப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள்.

கட்டைவிரல் நீளத்துக்குப் பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கும். பிளந்தால் செதில்களின் அடியில் மஞ்சள் பொடி, அதுதான் லுபுலின். விரலில் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும், எலுமிச்சைத் தோலின் வாசம் எழும். விளைந்த பூ தொட்டதும் சரசரக்கும். மெத்தென்று இருந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

குளிரில் மேலெல்லாம் காய்ந்துபோனாலும் வேர் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வசந்தத்தில் துளிர்த்ததும் நல்ல தளிராக இரண்டு மூன்றை விட்டு மற்றதை நறுக்கிவிடுகிறேன். மிளகுக்கொடிக்கு இருக்கிற ஒட்டுவேர் இதற்கு இல்லை. தண்டிலுள்ள கொக்கி முடிகளால் கயிற்றைப் பற்றி, எப்போதும் வலஞ்சுழியாகவே ஏறும். ஜூனில் ஒரே நாளில் ஒரு சாண் வளர்வதும் உண்டு. பழைய ரகங்கள் 5, 6 மீட்டர் போகும். என்னிடம் இருப்பது ஃபர்ஸ்ட் கோல்டு, குட்டை ரகம். கென்ட்டின் வை என்ற ஊரில் உருவானது. அங்கிருந்த கல்லூரியில்தான் பேராசிரியர் சால்மன், கனடாவின் காட்டு ஹாப்ஸிலிருந்து வழிவந்த பிரூவர்ஸ் கோல்டை 1934-இல் வெளியிட்டார்.

முன்பெல்லாம் லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகள் பிள்ளைகுட்டிகளோடு ரயிலேறி இங்கே பறிக்க வருவார்கள். அவர்களுக்கு வாய்த்த விடுமுறை அது ஒன்றுதான். இயந்திரம் வந்ததும் அந்தக் கூட்டம் நின்றுபோயிற்று.

பீர் காய்ச்சும்போது வீட்டு ஹாப்ஸைக் கசப்புக்குப் போடுவது வீண் என்பது என் கட்சி. கசப்பைத் தரும் ஆல்பா அமிலம் மால்ட் சாற்றில் இறங்க ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். அதற்குள் மணம் ஆவியோடு போய்விடும். அமிலம் எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும், கொல்லைப் பூவுக்கு யார் சொல்வது? ஆகவே கசப்புக்குக் கடைச் சரக்கு. அடுப்பை அணைத்த பிறகு, அன்றே பறித்த பூ. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் உலர்ந்ததைப்போல ஐந்தாறு மடங்கு எடை வேண்டும்.

வடித்த சக்கையை ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டில் நாய் இருக்கிறது. தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி