வளைந்த சுவருக்குப் பின்னால்

அமெரிக்காவில் சார்லட்ஸ்வில் என்று ஓர் ஊர். அங்கேயுள்ள வர்ஜீனியா சர்வகலாசாலையின் நடு மைதானத்துக்கு 'லான்' என்றே பெயர். புல்வெளி என்றால் அந்த ஊரில் அது ஒன்றுதான்!

ஜனாதிபதி பதவியிலிருந்து ஓய்ந்த தாமஸ் ஜெபர்ஸன், முதுமையில் ஆசையோடு வரைந்த திட்டம் இது. 1819-ல் ஸ்தாபனம், 1825-ல் வகுப்புகள் ஆரம்பம். வடகோடியில் 'ரொடண்டா' என்ற வட்ட மண்டபம். ரோமாபுரியின் பாந்தியனைப் பார்த்து, பாதி அளவில் கட்டியது. மாதா கோயிலை வைக்கவேண்டிய இடத்தில் புஸ்தகசாலையை வைத்துவிட்டார் மனிதர்! இரு பக்கமும் பத்து மாளிகைகள். ஒன்றைப் போல் ஒன்று இராது. மாடியில் ஆசிரியர் குடித்தனம், கீழே வகுப்பு. இடையே தூண் வரிசைக்குப் பின்னால் 54 மாணவர் அறைகள். கடைசி ஆண்டு மாணவர்கள் இன்றும் இவற்றுக்குப் போட்டி போடுகிறார்கள். ஆனால் குளிக்க வேண்டுமென்றால், பனிக் காலத்திலும் துண்டும் கையுமாக வெளியே நடக்க வேண்டும். எங்கள் பாட்டி வீட்டுப் புழக்கடை ஞாபகம் வந்தது எனக்கு.

மாளிகைகளின் பின்புறம் போனேன். ஒவ்வொன்றுக்கும் தோட்டம்; ஓரங்களில் பாம்பு போல் நெளியும் செங்கல் சுவர். கனம் ஒரே செங்கல்தான். அந்த வளைவுதான் அதை விழாமல் நிறுத்துகிறது. என்ன சிக்கனம் என்று வியந்தேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்நாளில் சுவர்கள் இன்னும் உயரம். இன்று பூச்செடி இருக்குமிடத்தில் அன்று சமையல், துணி வெளுப்பு, விறகு பிளப்பது எல்லாம் நடந்தன. செய்தவர்கள் அடிமைகள். கட்டிடம் எழுப்ப மண் வெட்டியதும் செங்கல் சுட்டதும் அவர்களே. புல்வெளியில் உலாவுகிறவர்கள் கண்ணில் அந்த உழைப்புப் படாமல் மறைத்தது அழகான சுவர்!

இஸபெல்லா கிப்பன்ஸ் என்ற அம்மாள் ஒரு பேராசிரியர் வீட்டில் சமையல் செய்த அடிமை. எப்படியோ எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்ததும் அதே ஊரில் பள்ளி உபாத்தியாயினி ஆனார்! சர்வகலாசாலையோ, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களை இளங்கலை வகுப்பில் சேர்த்துக்கொண்டது 1972-ல்தான்.

ரொடண்டாவுக்குக் கிழக்கே சரிவில், 2020-ல் அடிமைகளுக்கு ஒரு வட்டமான கருங்கல் நினைவுச் சின்னம் கட்டி முடித்தார்கள். சுமார் 4,000 பேர் அங்கே உழைத்தார்களாம். பலருடைய பெயர் தெரியவில்லை. அவர்களுக்காகக் கல்லில் ஆளுக்கொரு கீறல். வெளிச் சுவரில் இஸபெல்லாவின் கண்களை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். வெயில் விழும் கோணத்தைப் பொறுத்து அவை தெரியும், மறையும். நான் போனது மாலை வேளை. முதலில் வெறும் கல்தான். நாலடி விலகி நின்றேன். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.